இவ்வளவு பூவும் யாருக்கு? – மிட்ராண்ட் துருக்கியப் பள்ளிவாசலில் ஒரு குழந்தை கேட்ட கேள்வி

லெனேசியா ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் லெனேசியாவில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்து வருகிறேன். பிறர் வழிபடும் இடங்களையும் நம் பிள்ளைகள் மரியாதையோடு பார்த்துப் பழக வேண்டும் என்று பெற்றோர் விரும்பியதால், சென்ற மாதம் 14 பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மிட்ராண்டில் உள்ள நிஜாமிய்யா பள்ளிவாசலுக்குப் போய் வந்தேன். ஜொகன்னஸ்பர்க்கிலிருந்து பிரிட்டோரியாவுக்குப் போகிறவர்கள் அதன் நான்கு மினாராக்களை நெடுஞ்சாலையிலிருந்தே பார்த்திருப்பீர்கள். துருக்கியத் தொழிலதிபர் ஒருவரின் பொருளுதவியால் எழுந்து 2012இல் திறக்கப்பட்ட அந்தப் பள்ளிவாசல், துருக்கியின் எதிர்னே நகரில் உள்ள செலிமிய்யே பள்ளிவாசலை முன்மாதிரியாகக் கொண்டு, அதன் அளவில் ஏறத்தாழ 80 விழுக்காட்டில் கட்டப்பட்டது என்று அங்கிருந்த பெரியவர் எங்களுக்கு விளக்கினார்.

காலணிகளைக் கழற்றி அடுக்கி வைத்து, பெண்பிள்ளைகள் துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு உள்ளே நுழைந்தோம். காலுக்கு அடியில் மெத்தென்ற கம்பளம்; தலைக்கு மேல் குவிமாடம். அதன் உட்புறத்தில் கொடியும் மலரும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சுற்றிச் சுற்றி மேலே ஏறுகின்றன. வட்டங்களுக்குள் பொன்னிற எழுத்துகள். பிள்ளைகள் அனைவரும் அண்ணாந்து பார்த்தபடி வாயடைத்து நின்றார்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி என் முந்தானையை இழுத்து, "டீச்சர், சாமி எங்கே?" என்று மெல்லக் கேட்டாள். இங்கே உருவம் வைத்துக் கும்பிடுவதில்லை என்று சொன்னேன். சற்று நேரம் யோசித்தவள், "அப்படியென்றால் இவ்வளவு பூவும் யாருக்கு?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பூ என்றால் சாமிக்குச் சாத்துவது, கோலம் என்றால் வாசலில் இடுவது, சிற்பம் என்றால் ஒரு கதையைச் சொல்வது. எதுவும் யாருக்கோ, எதற்கோ ஆகிறது. உருவ வழிபாட்டை விலக்கிய ஒரு சமயம் தன் தொழுகைக் கூடத்தை இவ்வளவு நுட்பமாக அலங்கரிப்பதன் உட்பொருள் என்ன? துருக்கியர்களுக்கு இந்தக் கலைகள் வெறும் அழகுக்காகவா, வழிபாட்டின் பகுதியாகவேவா? விவரம் அறிந்தவர்கள் எழுதினால் வருகிற வாரங்களில் அந்தப் பிள்ளைக்கு ஒழுங்காகப் பதில் சொல்வேன். பொத்தாம்பொதுவாக ஏதோ சொல்லி அவளை அடக்கிவிட எனக்கு மனமில்லை.

—

டர்பன் நாணல் எழுதியது:

ஆசிரியை அக்காவுக்கு ஸலாமும் வணக்கமும். டர்பனில் கிரே தெருப் பள்ளிவாசலின் பாங்கு ஓசையைக் கேட்டு வளர்ந்தவன் நான்; வீட்டில் இன்றும் தமிழ்தான் பேசுகிறோம். இஸ்தான்புல்லின் உஸ்குதார் பகுதியில் ஓர் ஆசிரியரிடம் சில மாதங்கள் அரபு எழுத்துக்கலை பயின்றேன். அந்த அனுபவத்தைக் கொண்டு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளை பூக்களைப் பார்த்துக் கேட்டாள். நான் அவளை முதலில் எழுத்துகளைப் பார்க்கச் சொல்வேன். துருக்கியப் பள்ளிவாசலில் கண் போய் நிற்க வேண்டிய இடம் எழுத்துதான். கொடியும் மலரும் அதற்குக் குடை பிடிப்பவை. நம் கோயிலில் மூலவருக்கு முன்னால் நிற்கும்போது கிடைக்கும் காட்சிக்கு இணையாக அங்கே வைக்கப்பட்டிருப்பது வேத வசனம். மக்காவில் அருளப்பட்ட குர்ஆன் கெய்ரோவில் ஓதப்பட்டது, இஸ்தான்புல்லில் எழுதப்பட்டது என்று ஒரு வழக்குமொழி உண்டு; எழுதுவதைத் தங்கள் ஊரின் சேவையாகவே அவர்கள் கருதினார்கள் என்பதை அதிலிருந்து அறியலாம்.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது ஹில்யே என்னும் எழுத்துப் பலகை. நபிகள் நாயகத்தின் உருவத்தை வரைந்து மாட்டும் வழக்கம் இல்லை. ஆனால் அன்புக்குரியவரைக் கண்ணால் காண வேண்டும் என்ற ஏக்கம் மனிதருக்கு இருக்கத்தானே செய்யும்? 1642 முதல் 1698 வரை வாழ்ந்த ஹாஃபிஸ் உஸ்மான் என்ற எழுத்துக்கலைஞர், நபியவர்கள் மிக உயரமும் இல்லை, குள்ளமும் இல்லை என்று தொடங்கி அவர்களுடைய தோற்றத்தையும் குணத்தையும் சொல்லும் பழைய வருணனையை ஒரு வட்டத்துக்குள் எழுதி, நான்கு மூலைகளிலும் நபியவர்களுக்குப் பின் தலைமை ஏற்ற நான்கு கலீஃபாக்களின் பெயர்களைப் பொறித்து, சுவரில் மாட்டக்கூடிய ஒரு வடிவத்தை நிலைநிறுத்தினார். அன்று முதல் துருக்கிய வீடுகளில் படம் மாட்டும் இடத்தில் அந்தச் சொற்சித்திரம் தொங்குகிறது. சொல்லையே முகமாகக் கண்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனி, எழுதக் கற்றுக்கொள்ளும் முறையைச் சொல்கிறேன். அங்கே மாணவனுக்குக் கொடுக்கப்படும் முதல் பாடம் அலிஃப், பே என்ற எழுத்துகள் அல்ல, ஒரு துஆ, அதாவது வேண்டுதல். "ரப்பி யஸ்ஸிர் வலா துஅஸ்ஸிர், ரப்பி தம்மிம் பில்கைர்" – இறைவா, எளிதாக்கு, கடினமாக்காதே, நன்மையோடு முடித்துவை. இந்த ஒரு வரியையே நான் வாரக்கணக்கில் எழுதினேன். ஆசிரியர் ஒவ்வொரு முறையும் என் தாளை வாங்கி, பிழையான எழுத்தின் கீழே சிவப்பு மையில் அதே எழுத்தைத் தாம் எழுதிக் காட்டி, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுப்பார். அளவுகோல் கிடையாது. நாணல் பேனாவின் முனையை அழுத்தினால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும்; ஓர் எழுத்து எத்தனை புள்ளி உயரம், எத்தனை புள்ளி அகலம் என்பதுதான் கணக்கு. என் உம்மா அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "இது புள்ளிக் கோலம் மாதிரியல்லவா இருக்கிறது!" என்றார்கள். அது சரியான ஒப்புமைதான்.

தாளும் மையும்கூடச் சாதாரணமாக வருவதில்லை. தாளுக்கு முட்டையின் வெள்ளைக்கருவும் படிகாரமும் கலந்த பூச்சைப் பூசி, உலர்த்தி, வழவழப்பான கல்லால் தேய்த்து, பல மாதங்கள் ஆறப்போட்டுத்தான் எழுதுவார்கள். அந்தப் பரப்பில் மை உள்ளே இறங்காது. பிழை செய்தால் ஈர விரலால் துடைத்துத் திருத்தலாம். மை என்பது விளக்குக் கரி. 1557இல் கட்டி முடிக்கப்பட்ட சுலைமானிய்யே பள்ளிவாசலில் எண்ணெய் விளக்குகளின் புகை, காற்றோட்டத்தால் வாசலுக்கு மேலே உள்ள ஓர் அறைக்கு இழுக்கப்பட்டுச் சேர்ந்ததாகவும், அந்தக் கரியைச் சுரண்டி எழுத்துக்கலைஞர்கள் மை செய்ததாகவும் அங்கே காட்டுகிறார்கள். இரவுத் தொழுகைக்கு எரிந்த விளக்கின் புகை, மறுபடி வசனமாகத் தாளில் வந்து அமர்கிறது. பேனா சீவும்போது விழும் செதில்களைச் சேர்த்து வைத்து, தாம் இறந்தபின் தம்மைக் குளிப்பாட்டும் தண்ணீரைச் சூடாக்க அவற்றை எரிக்கும்படி சொல்லிவிட்டுப் போன கலைஞர்கள் உண்டு என்று என் ஆசிரியர் சொன்னார். இதைக் கேட்ட பிறகு அலங்காரம் என்ற சொல்லை இந்தக் கலைக்குப் பயன்படுத்த எனக்கு வாய் வருவதில்லை.

ஆசிரியர் இஜாஸத் என்னும் அனுமதியைக் கொடுக்கும்வரை மாணவன் தன் எழுத்துக்குக் கீழே பெயர் இடக்கூடாது. அது எனக்குக் கிடைக்கவில்லை. கிடைப்பதற்குள் ஊர் திரும்ப வேண்டியதாயிற்று.

—

ஜொகன்னஸ்பர்க் கட்டடப் பொறியாளர் எழுதியது:

நாணல் தம்பியின் பதிவு மிகச் சிறப்பு. நான் தொழில்முறையில் கட்டடத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஏனென்றால், அந்தக் குவிமாடமே தொழுகையின் தேவையிலிருந்து பிறந்தது என்பது என் எண்ணம்.

நம் கோயிலில் கருவறை சிறியது, இருண்டது. ஒருவர் பின் ஒருவராகச் சென்று தரிசித்துவிட்டு வெளியே வருகிறோம். ஆகவே நம் ஸ்தபதிகளின் திறமையெல்லாம் கோபுரத்திலும் பிராகாரத்திலும் தூண்களிலும் போய்ச் சேர்ந்தது. நேட்டாலில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே பல கோயில்களைக் கட்டிய கிஸ்தப்ப ரெட்டியின் வேலையிலும் அதைக் காணலாம். தொழுகையின் அமைப்பு வேறு. எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே திசை நோக்கி, தோளோடு தோள் சேர்ந்து நீண்ட வரிசைகளில் நிற்க வேண்டும். இந்த வரிசையைத் தூண் வந்து அறுக்கக் கூடாது. பின்வரிசையில் நிற்பவருக்கும் இமாமின் குரல் கேட்க வேண்டும். துருக்கியக் கட்டடக்கலையின் பல நூற்றாண்டு வரலாற்றை, வரிசைக்குக் குறுக்கே நிற்கும் தூணை அகற்றும் முயற்சி என்றே படிக்கலாம்.

தொடக்கத்தில் தூண்களின் காடாகத்தான் இருந்தது. 1299இல் முடிந்த பெய்ஷெஹிர் நகரின் எஷ்ரெஃபோலு பள்ளிவாசலில் 40க்கும் மேற்பட்ட மரத்தூண்கள் நிற்கின்றன. நடுவில் கூரையைத் திறந்துவிட்டு, அதன் கீழே பனி சேரும் குழி ஒன்று வைத்திருக்கிறார்கள். மரம் வறண்டு வெடிக்காமல் இருக்க அந்த ஈரம் உதவியது. நூறு ஆண்டு கழித்து புர்சாவில் எழுந்த பெரிய பள்ளிவாசலில் 20 சிறு குவிமாடங்கள். அவற்றில் ஒன்றின் நேர் கீழே, கூடத்துக்கு உள்ளேயே, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும் நீரூற்று. நீரின் சலசலப்போடு தொழுவது எப்படி இருக்கும் என்பதை அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். 1453இல் கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) துருக்கியர் கைக்கு வந்தபோது, 537இல் கட்டப்பட்ட ஹாகியா சோஃபியா தேவாலயத்தின் ஏறத்தாழ 31 மீட்டர் அகலக் குவிமாடம் அவர்கள் கண்முன் நின்றது. அதன் பிறகு அந்த அளவே ஒவ்வொரு கொத்தனாரின் மனத்திலும் உட்கார்ந்துவிட்டது என்று சொல்ல வேண்டும்.

அதை எட்டியவர் மிமார் சினான். ஏறத்தாழ 50 ஆண்டுகள் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்து, 1588இல் மறைந்தவர். ஷெஹ்ஸாதே பள்ளிவாசலைத் தம் மாணாக்கப் பருவத்து வேலை என்றும், சுலைமானிய்யேயைக் கைதேர்ந்த பணியாளாக இருந்தபோது செய்த வேலை என்றும், செலிமிய்யேயை ஆசானாக நின்று செய்தது என்றும் அவரே வகைப்படுத்தியதாகச் சொல்வார்கள். 1568இல் தொடங்கி 1575இல் முடிந்த செலிமிய்யேயில் 31 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட குவிமாடத்தை எட்டுத் தூண்கள் தாங்குகின்றன. அந்தத் தூண்கள் பெரும்பாலும் சுவரோடு ஒட்டி ஒதுங்கிக்கொண்டதால் நடுவில் தடையே இல்லை. எடையைச் சுமக்கும் வேலை தூண்களுக்கும் வளைவுகளுக்கும் போய்விட்டபடியால், சுவர்களை வரிசை வரிசையாகச் சன்னல்களாகத் திறந்துவிட முடிந்தது. காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமுமாக வெளிச்சம் கம்பளத்தின் மேல் நகர்கிறது. ஐந்து வேளைத் தொழுகையும் சூரியனின் நிலையை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது என்பதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள். அந்தக் கூடமே ஒரு நிழற்கடிகாரம் போல எனக்குப் பட்டது.

மினாராக்களைப் பற்றி ஒரு சொல். ஏறத்தாழ 70 மீட்டர் உயரம், மிக ஒல்லியானவை. அவற்றில் இரண்டில் மூன்று உப்பரிகைகளுக்கும் தனித்தனியாக மூன்று சுழற்படிகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிச் செல்கின்றன. பாங்கு சொல்லும் மோதினார்கள் மூவர் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே நேரத்தில் ஏறலாம். இதை எப்படி அடித்தளத்தில் வரைந்து கொத்தனார்களுக்கு விளக்கியிருப்பார் என்று எண்ணி நான் பல இரவுகள் தாளில் கிறுக்கிப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் குழந்தையின் பூவுக்கு வருகிறேன். துருக்கியரின் பூ துலிப். அவர்கள் மொழியில் லாலே. நம் ஊர்க் கடைகளில் 786 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம் என்ற தொடரின் எழுத்துகளுக்கு உரிய எண்களைக் கூட்டினால் வருவது அது. அதே கணக்கில் அல்லாஹ் என்ற பெயருக்கு 66. லாலே என்ற சொல்லை அரபு எழுத்தில் எழுதினால் அதே எழுத்துகள் இடம் மாறி நிற்பதால் அதற்கும் 66. பிறைக்கு உரிய ஹிலால் என்ற சொல்லுக்கும் 66. ஆகவே ஓட்டிலும் கல்லிலும் கம்பளத்திலும் துலிப்பை இடுகிறவர், பெயரைச் சொல்லாமல் பெயரைச் சொல்கிறார். செலிமிய்யேயின் நடுவில் மோதினாருக்காக அமைந்த மேடையின் பளிங்குக் காலில் ஒரு துலிப் தலைகீழாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. நிலம் கொடுக்க மறுத்துப் பிடிவாதம் செய்த தோட்டக்காரியின் நினைவாக அது செதுக்கப்பட்டது என்று ஊரார் கதை சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்தக் கதை பிடிக்கும்.

கடைசியாக ஒன்று. பள்ளிவாசல் அங்கே தனியாக நிற்பதில்லை. சுலைமானிய்யேயைச் சுற்றி மதரசாக்கள், மருத்துவமனை, ஏழைகளுக்குச் சமைத்துப் போடும் சத்திரம், குளியல் கூடம், வழிப்போக்கர் விடுதி எல்லாம் வக்ஃப் என்னும் ஒரே அறக்கட்டளையின் கீழ் கட்டப்பட்டன. மிட்ராண்டிலும் பள்ளிக்கூடமும் மருத்துவ நிலையமும் கடைத்தெருவும் பக்கத்திலேயே இருப்பதற்கு அதுதான் மூலம்.

—

கேப்டவுன் வாசகர் எழுதியது:

இருவர் பதிவுகளையும் மகிழ்ச்சியோடு படித்தேன். ஆயினும், எல்லாவற்றையும் பக்தி என்ற ஒரே நூலில் கோத்துவிட்டால் பிள்ளைகளுக்குப் பாதி வரலாறுதான் போய்ச் சேரும் என்பதால் சிலவற்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

ஒன்றுக்கு மேற்பட்ட மினாரா வைக்கும் உரிமை சுல்தான் குடும்பத்துக்கே உரியதாக இருந்தது. எனவே மினாரா பாங்கு சொல்லும் இடமாக இருந்ததோடு, யார் கட்டினார் என்பதைத் தொலைவிலிருந்தே அறிவிக்கும் அடையாளமாகவும் இருந்தது. 1609இல் முதலாம் அஹ்மத் ஆறு மினாராக்களோடு தம் பள்ளிவாசலைத் தொடங்கியபோது, போரில் வென்ற பொருள் இல்லாமல் கருவூலப் பணத்தைக் கொண்டு கட்டுகிறார் என்று மார்க்க அறிஞர்கள் எதிர்த்தார்கள். அந்தக் கட்டடத்தில் இஸ்னிக் நகரில் சுட்ட 20,000க்கும் மேற்பட்ட வண்ண ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. ஓட்டின் விலையை அரண்மனை நிர்ணயித்தது. மூலப்பொருள் விலை ஏற ஏற, சூளை வைத்திருந்தவர்களுக்குக் கட்டுப்படியாகாமல் போயிற்று. 17ஆம் நூற்றாண்டில் இஸ்னிக் சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஓட்டைப் பார்த்து வியக்கும் பிள்ளைகள் அதைச் சுட்டவர்களையும் நினைக்கட்டும்.

உருவம் அறவே இல்லை என்பதும் முழுமையான செய்தி ஆகாது. தொழுகைக் கூடத்துக்குள் இல்லை, நூல்களில் இருந்தது. மூன்றாம் முராத் சுல்தானுக்காக 1595இல் முடிக்கப்பட்ட நபிகளாரின் வரலாற்று நூலில் நூற்றுக்கணக்கான சிற்றோவியங்கள் உண்டு. அவற்றில் நபியவர்களின் முகம் வெண்திரையால் மறைக்கப்பட்டிருக்கும். அதற்கு முன்பே, 1228–29இல் திவ்ரியியில் எழுந்த பள்ளிவாசலின் கல்வாயிலில் இரட்டைத்தலைக் கழுகு செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பள்ளிவாசலோடு ஒட்டியுள்ள மருத்துவமனையைக் கட்டுவித்தவர் துரான் மெலிக் என்ற அரசகுலப் பெண்மணி என்பதை உங்கள் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், சகோதரி.

இதைவிட வருத்தமான பகுதி பின்னால் வந்தது. 1925இல் துருக்கியக் குடியரசு சூஃபி மடங்களைச் சட்டம் போட்டு மூடியது. சுழன்று தியானிக்கும் மெவ்லவிகளின் கூடங்கள் அடைபட்டன. அவர்களுடைய நீண்ட கம்பளித் தொப்பி கல்லறைக் கல்லுக்கும், வெள்ளை அங்கி இறந்தவரைப் போர்த்தும் கஃபன் துணிக்கும் அடையாளம். வாழும்போதே சாவை உடுத்திக்கொண்டு ஆடும் அந்தச் சடங்கு பிறகு மேடை நிகழ்ச்சியாகத்தான் திரும்பி வந்தது. 1928இல் அரபு எழுத்தை விட்டு லத்தீன் எழுத்துக்கு மாறினார்கள். ஒரே ஆணையில் ஒரு நாட்டின் எழுத்துக்கலைஞர்கள் வேலை இழந்தார்கள். அடுத்த தலைமுறைக்குத் தாத்தாவின் கல்லறையில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமல் போயிற்று. நம் பிள்ளைகளில் பலருக்கும் பாட்டன் எழுதிய தமிழ்க் கடிதத்தைப் படிக்கத் தெரியாத இந்த நாட்டில் வாழும் நமக்கு, அந்த இழப்பின் எடை சொல்லாமலே விளங்கும்.

கேப்டவுனில் இருப்பதால் இன்னொரு தொடர்பையும் எழுதிவிடுகிறேன். இங்குள்ள முஸ்லிம்களின் வேண்டுகோளுக்கு இணங்க 1862இல் துருக்கியின் உஸ்மானிய அரசு அபூபக்கர் எஃபெந்தி என்ற அறிஞரை அனுப்பியது. மறு ஆண்டுத் தொடக்கத்தில் வந்து சேர்ந்த அவர், மக்கள் பேசிய ஆஃப்ரிகான்ஸ் மொழியைக் கற்று, அதை அரபு எழுத்தில் எழுதி, மார்க்கச் சட்டங்களை விளக்கும் நூல் ஒன்றை இயற்றினார்; அது 1877இல் இஸ்தான்புல்லில் அச்சாயிற்று. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் மரபை அறிந்த நாணல் தம்பிக்கு இது வியப்பாக இராது.

—

டர்பன் நாணல் எழுதியது:

கேப்டவுன் ஐயா சொன்னதை ஏற்கிறேன். சுல்தான்களின் பெருமை அந்தக் கல்லில் இருக்கிறது. ஆனால் மடங்கள் மூடி, எழுத்து மாறி, அரண்மனையே இல்லாமல் போன பிறகும் இந்தக் கலைகள் எங்கே உயிரோடு இருந்தன என்று பார்த்தால், அக்காவின் கேள்விக்கு விடை அங்கே கிடைக்கிறது.

1883இல் பிறந்து 1976இல் மறைந்த நெஜ்மெத்தின் ஒக்யாய் என்பவர் உஸ்குதாரில் ஒரு பள்ளிவாசலில் நீண்ட காலம் இமாமாகப் பணி செய்தவர். எழுத்துக்கலைஞர், நூற்கட்டுநர், வில்லாளி, ரோஜா வளர்ப்பவர், எப்ரு (தண்ணீரில் மிதக்கும் சாயத்தைத் தாளில் எடுக்கும் கலை) கலைஞர் எல்லாம் அவரே. தொழ வைத்துவிட்டு வந்து தாளுக்குச் சாயம் ஏற்றுவார். நுண்கலை அகாடமியிலும் கற்பித்தார். சுல்தானும் வேண்டாம், சன்மானமும் வேண்டாம் என்ற நிலையில் இதைக் காத்தவர்கள் அவரைப் போன்றவர்கள்தான்.

எப்ரு செய்வதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒரு தட்டையான தொட்டியில் மரப்பிசின் கரைத்த, சற்றுக் குழகுழப்பான தண்ணீர். சாயத்தோடு மாட்டின் பித்தநீர் சில துளிகள் கலப்பார்கள். அதனால்தான் நிறங்கள் மூழ்காமல் மிதக்கின்றன, ஒன்றோடொன்று கலக்காமலும் நிற்கின்றன. ரோஜாக் குச்சியில் குதிரை வால்முடியைக் கட்டிய தூரிகையை விரலில் தட்டினால் துளிகள் தண்ணீரில் விழுந்து வட்டமாக விரிகின்றன. ஒரு ஊசியால் அந்த வட்டத்தை உள்ளே இழுத்தால் இதழ் பிரிகிறது. இன்னும் இரண்டு இழுப்பில் துலிப் ஆகிவிடுகிறது. பிறகு தாளை ஓர் ஓரத்திலிருந்து மெல்லக் கிடத்தி எடுத்தால், தண்ணீரில் இருந்தது அப்படியே தாளில் இருக்கிறது. தண்ணீரில் ஒன்றும் இல்லை. அதே பூவை மறுபடி எடுக்க முடியாது. செய்துகொண்டிருந்த அம்மையார் ஒவ்வொரு தாளையும் தூக்கும் முன் பிஸ்மில்லாஹ் சொன்னார். பூ எப்படி வந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அதைத் தாம் தந்ததாக அல்லாமல் தமக்குத் தரப்பட்டதாகவே அவர் வாங்கிக்கொண்டதை அவர் முகத்தில் கண்டேன். யூனெஸ்கோ 2014இல் எப்ருவையும் 2021இல் எழுத்துக்கலையையும் மரபுரிமைப் பட்டியல்களில் சேர்த்தது நல்ல செய்திதான். ஆனால் அந்த அம்மையாருக்கு அது தேவைப்பட்டிருக்காது.

இன்னொன்றும் அக்காவின் மாணவிக்குப் பிடிக்கும். உஸ்குதாரில் சில பள்ளிவாசல்களின் வெளிச்சுவரில், உயரத்தில், சின்னஞ்சிறு மாளிகை போலக் கல்லில் குருவிக் கூடுகள் செதுக்கியிருக்கிறார்கள். கூரையும் சன்னலும் வாசலும் மினாராவும்கூட உண்டு. பூ யாருக்கு என்று கேட்டாள் அல்லவா? இது யாருக்கு என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவாள்.

—

லெனேசியா ஆசிரியை எழுதியது:

எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஒரு வாரமாக உங்கள் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நேற்று வகுப்பில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த ஊரில் ஒரு பூவின் பெயரும் இறைவனின் பெயரும் ஒரே எழுத்துகளால் ஆனவை என்றும், அதனால் பூ வரைகிறவர் பெயரை நினைத்துக்கொண்டே வரைகிறார் என்றும் சொன்னேன். அவள், "அப்படியென்றால் நாங்கள் சிவ சிவ என்று எழுதுவது போலவா?" என்று கேட்டாள். ஏறத்தாழ அப்படித்தான் என்றேன். அது சரிதானா என்று நாணல் தம்பி சொல்ல வேண்டும். கல் குருவிக்கூட்டைப் பற்றிச் சொன்னதும் வகுப்பு முழுவதும் குருவிக்கு மாளிகை வரையத் தொடங்கிவிட்டது. ஓடு சுட்டவர்களின் கூலியைப் பற்றியும், துரான் மெலிக்கைப் பற்றியும் மூத்த பிள்ளைகளுக்குச் சொன்னேன். கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா, அந்தச் செய்தியைக் கூர்ந்து கேட்டார்கள்.

ஒரு வேண்டுகோள். விஜயதசமியன்று நம் வழக்கப்படி அரிசியில் "அ" எழுத வைப்போம். இந்த ஆண்டு அரிசிக்குப் பிறகு, நாணல் பேனாவாலும் ஒருமுறை "அ" எழுத வைத்தால் என்ன என்று தோன்றுகிறது. அந்தப் பேனாவை இங்கேயே செய்ய முடியுமா? எந்தத் தாளில் எழுதலாம்?

—

டர்பன் நாணல் எழுதியது:

சிவ சிவ என்று அவள் சொன்னதை என் ஆசிரியர் கேட்டிருந்தால் அவளுக்கு ஒரு பேனா பரிசாகக் கொடுத்திருப்பார், அக்கா.

கடையில் தேட வேண்டாம். உம்கேனி ஆற்றங்கரையில் நாணல் நிறைய இருக்கிறது. நானே 20 துண்டு வெட்டி, நிழலில் உலர்த்தி அனுப்பி வைக்கிறேன். வெயிலில் உலர்த்தினால் வெடித்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியவை சில. முனையிலிருந்து இரண்டு விரற்கடை நீளத்துக்குச் சரிவாகச் சீவி, உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற பகுதியைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். நடுவில் நெடுக்காகச் சிறியதாக ஒரு கீறல் போடுங்கள். மை அந்த வழியாகத்தான் இறங்கும். பிறகு முனையை ஒரு கெட்டியான பரப்பில் வைத்து, ஒரே அழுத்தில் நறுக்க வேண்டும். அரபுக்குச் சாய்வாக நறுக்குவோம். தமிழ் "அ"வின் சுழிக்கு அவ்வளவு சாய்வு தேவைப்படாது, சற்று நேராகவே நறுக்கிப் பாருங்கள். கத்தி வேலை எல்லாம் பெரியவர்கள் கையால் நடக்கட்டும்.

மைப் புட்டிக்குள் ஒரு சிறு கொத்து மெல்லிய பட்டு நூலைப் போட்டு வையுங்கள். பேனா அந்த நூலைத் தொட்டு எடுக்கும்போது அளவாக மை ஏறும். பிள்ளைகள் புட்டியைக் கவிழ்த்தாலும் முழுவதும் கொட்டாது. தாளுக்கு முட்டைப் பூச்சு இப்போது வேண்டாம். கொஞ்சம் கனமான, வழவழப்பான வரைதாள் போதும்.

முதலில் "அ" எழுதச் சொல்லாதீர்கள். பேனாவை அழுத்தி ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நான்கு மூலையும் கூராக விழுகிறதா என்று பாருங்கள். விழுந்த பிறகு, அந்தப் புள்ளியால் எத்தனை புள்ளி உயரம் உங்கள் "அ" என்று அவர்களே முடிவு செய்யட்டும்.